பட்டியல் வீங்கினால் இணையம் விழும்

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை, அதிகாலை 4.45 மணி. கனடாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ரோஜர்ஸின் வலையமைப்பு சில நிமிடங்களில் மொத்தமாகப் படுத்துவிட்டது. கைபேசி, வீட்டு இணையம், தரைவழித் தொலைபேசி, டிவி எதுவும் மிச்சமில்லை. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் தொடர்பற்றுப் போனார்கள். நாடு முழுக்க டெபிட் கார்டு பரிவர்த்தனைகளைக் கையாளும் இன்டராக் அமைப்பும் ரோஜர்ஸையே நம்பியிருந்தது. அதனால் வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருந்தவர்களும் கடைகளில் கார்டை நீட்டிவிட்டுக் கையைப் பிசைந்தார்கள். தமிழர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோவில் அன்று மாலை நடக்கவிருந்த ‘தி வீக்எண்ட்’ இசை நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவசர உதவி எண்ணான 911க்குப் பலரால் அழைக்க முடியாமல் போனது. ரோஜர்ஸின் கோபுரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்குப் பின்னால் இருந்த மைய வலையமைப்புதான் செயலிழந்திருந்தது. சிக்னலே இல்லாவிட்டால் கைபேசி தானாகவே வேறு நிறுவனத்தின் கோபுரத்தைத் தேடி அவசர அழைப்பை அனுப்பிவிடும். இங்கே சிக்னல் இருந்தது. அதனால் கைபேசிகள் ரோஜர்ஸ் கோபுரங்களையே பிடித்துக்கொண்டு நின்றன. அழைப்பு எங்கும் போகவில்லை.

கேபிள் எதுவும் அறுபடவில்லை. யாரும் தாக்குதல் நடத்தவில்லை. ரோஜர்ஸ் தன் மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. ஆறாவது கட்டத்தில் சில ரவுட்டர்களின் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டியை ஊழியர்கள் நீக்கினார்கள். தேவையான வழிகளை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றைத் தடுத்து நிறுத்துவது அந்த வடிகட்டியின் வேலை. அது போனதும் இணையத்தின் வழிகளெல்லாம் மைய ரவுட்டர்களுக்குள் வந்து கொட்டின. அவற்றைத் தாங்க முடியாமல் மைய ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன.

இப்படிக் கொட்டியது எது, அது ஏன் இவ்வளவு கனம் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ரோஜர்ஸுக்கு நேர்ந்தது எந்த நாட்டிலும் நேரக்கூடும் என்பது விளங்கும்.

இணையம் என்பது ஒரே வலையமைப்பு அல்ல. ஏறத்தாழ 75,000 தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு அது. இணையச் சேவை நிறுவனங்கள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள், கூகுள் போன்ற பெருநிறுவனங்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. “இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்கான தரவை என்னிடம் அனுப்பு” என்று ஒவ்வொன்றும் தன் அண்டை வலையமைப்பிடம் சொல்லும். அண்டை அதைக் கேட்டுக்கொண்டு தன் அண்டைகளிடம் சொல்லும். இப்படிச் சொல்லிக்கொள்ளும் மொழிக்குப் பெயர் பி.ஜி.பி. இரு வலையமைப்புகள் இந்த மொழியில் பேசிக்கொள்வதற்காகத் திறந்து வைத்திருக்கும் தொடர்பைத் துறையில் ‘பியரிங் செஷன்’ என்பார்கள். கேட்டதையெல்லாம் தொகுத்து ஒவ்வொரு ரவுட்டரும் வைத்துக்கொள்வதுதான் ரூட்டிங் டேபிள், அதாவது வழிப்பட்டியல். ஒரு முகவரித் தொகுதிக்கு ஒரு வரி.

1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த பொறியாளர் கூட்டத்தின் மதிய உணவு வேளையில், கிர்க் லாஹீடும் யாகோவ் ரெக்டரும் காகித நாப்கின்களில் வரைந்து உருவாக்கியது இந்த பி.ஜி.பி. அப்போதைய அவசரத் தேவைக்கான ஏற்பாடு அது. ஒருவரையொருவர் அறிந்த சிலருக்குள் புழங்கிய வலையமைப்பு என்பதால், சொல்வதை நம்புவது என்பதே அதன் இயல்பாக அமைந்தது. அண்டை ரவுட்டர் பொய் சொல்கிறதா, தவறிச் சொல்கிறதா, அளவுக்கு மீறிச் சொல்கிறதா என்று சரிபார்க்கும் வசதி அந்த மொழிக்குள் இல்லை. இன்றும் அதே மொழியின் நான்காம் பதிப்பில்தான் உலகம் ஓடுகிறது.

அன்று சிறியதாக இருந்த பட்டியல் 1994 வாக்கில் சுமார் 20,000 வரிகளாக வளர்ந்தது. 2001இல் ஒரு லட்சம். 2014இல் 5 லட்சத்தைத் தாண்டியது. 2024இன் இறுதியில் 10 லட்சத்தின் விளிம்பில் நின்றது. புதிய தலைமுறை முகவரிகளுக்கான பட்டியல் தனி. அது 2 லட்சத்தைக் கடந்துவிட்டது.

புது வலையமைப்புகள் சேர்வதால் மட்டும் இப்படி வளரவில்லை. பழைய வகை முகவரிகள் தீர்ந்துபோனது பெரிய காரணம். 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பின் கடைசித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதன் பிறகு, இருக்கும் தொகுதிகளைத் துண்டு துண்டாக வெட்டி விற்பதும் வாடகைக்கு விடுவதும் பெருகின. 256 முகவரிகள் கொண்ட சின்னத் துண்டுகளே இன்று பட்டியலில் பாதிக்கு மேல். ஒரு துண்டு மும்பை வழியாகவும் இன்னொன்று சென்னை வழியாகவும் வரட்டும் என்று நெரிசலைப் பகிர்வதற்காக வெட்டுபவர்கள் உண்டு. பாதுகாப்புக்காக வெட்டுபவர்களும் உண்டு.

பாதுகாப்புக்காக ஏன் வெட்ட வேண்டும் என்பதற்கு 2008 பிப்ரவரி 24 சாட்சி. யூடியூபைத் தடுக்கும்படி பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டது. பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 1,024 முகவரித் தொகுதிக்குள் இருந்த 256 முகவரித் துண்டு ஒன்று தன்னிடம் இருப்பதாக உள்நாட்டுக்குள் அறிவிக்க நினைத்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. நிறுவனம் வழியாக உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பெரிய தொகுதிக்கும் அதற்குள் அடங்கிய சிறிய துண்டுக்கும் வெவ்வேறு வழிகள் இருந்தால் துண்டுக்கான வழியே வெல்லும் என்பது ரவுட்டரின் விதி. உலகின் யூடியூப் பார்வையாளர்கள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பினார்கள். தப்பிக்க யூடியூப் என்ன செய்தது? தானும் அதே துண்டை அறிவித்தது. போதாமல் அதையும் இரண்டாக வெட்டி அறிவித்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலான குழப்பத்துக்குப் பிறகு பி.சி.சி.டபிள்யூ. அந்தப் பொய் வழியைக் கைவிட்டது. திருட்டுக்கு அஞ்சி முன்கூட்டியே துண்டு போட்டு வைக்கும் பழக்கம் பல வலையமைப்புகளில் இருக்கிறது. ஒருவர் வெட்டும் துண்டை உலகின் முழுப்பட்டியல் வைத்திருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் சுமக்க வேண்டும்.

சுமக்கும் இடத்துக்கு அளவு உண்டு. தரவு மின்னல் வேகத்தில் போக வேண்டுமானால் வழிகளைத் தேடும் வேலையை ரவுட்டரில் உள்ள ஒரு தனி வகைச் சில்லு செய்ய வேண்டும். அதன் விலை அதிகம், கொள்ளளவு குறைவு. உலகெங்கும் பரவலாகப் பயன்பட்ட சிஸ்கோவின் ஒரு வகைப் பழைய ரவுட்டர்களில், பழைய முகவரி வழிகளுக்கு 512 ஆயிரம் வரிகள் என்று ஆலையிலேயே ஒதுக்கியிருந்தார்கள். பட்டியல் அந்த அளவை நெருங்குகிறது, ஒதுக்கீட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று 2014 மே மாதமே சிஸ்கோ எச்சரித்தது. மாற்றுவது ஒரு கட்டளைதான். ஆனால் அதன் பிறகு ரவுட்டரை அணைத்துப் போட வேண்டும். வாடிக்கையாளர் இணைப்பு சில நிமிடங்கள் போகும். பலர் தள்ளிப் போட்டார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் தன் வலையமைப்பிலிருந்து சுமார் 15,000 துண்டு வழிகளைத் திடீரென வெளியே விட்டுவிட்டது. பட்டியல் அந்த எல்லையைத் தாண்டியது. இடம் கொள்ளாத வழிகளுக்கான தரவைப் பழைய ரவுட்டர்கள் சாதாரணச் செயலியிடம் தள்ளின. அது திணறியது; தரவு வழியிலேயே தொலைந்தது. ஈபே, லாஸ்ட்பாஸ் போன்ற தளங்கள் தடுமாறின. வெரைசன் சில நிமிடங்களிலேயே அந்த வழிகளைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் அன்று முழுக்க ஆங்காங்கே முடங்கல்கள் தொடர்ந்தன.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மெல்ல வளரும் பட்டியலுக்குப் பொறியாளர்கள் தயாராகிக்கொள்ள முடியும். 768 ஆயிரம் என்ற அடுத்த எல்லையைப் பட்டியல் 2019இல் கடந்தபோது பெரிய சேதம் இல்லை. ஆளைக் கொல்வது திடீர் வீக்கம்தான். அதற்குக் காரணம் பெரும்பாலும் எங்கோ ஒரு அண்டை வலையமைப்பில் ஒருவர் தட்டிய ஒரு வரி.

அந்தத் திடீர் வீக்கத்துக்கு மருந்து பல ஆண்டுகளாக ரவுட்டர்களிலேயே இருக்கிறது. ‘மேக்ஸ் பிரிஃபிக்ஸ்’ என்பார்கள்: ஒரு அண்டையிடமிருந்து அதிகபட்சம் எத்தனை வழிகளை ஏற்றுக்கொள்ளலாம் என்ற எண். ஒரு சிறிய நிறுவனம் வழக்கமாக 300 வழிகளைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எதிரே 500 என்று எழுதி, எச்சரிக்கைக்கு 80 சதவீதம் என்று சேர்க்கிறார் பொறியாளர். வழிகள் 400ஐத் தாண்டினால் கண்காணிப்புத் திரையில் எச்சரிக்கை வரும். 500ஐத் தாண்டியதும் ரவுட்டர் அந்தச் செஷனையே துண்டித்துவிடும். 30 நிமிடம் கழித்து மறுபடி முயன்று பார் என்றும் அதே வரியில் சொல்லலாம். மனிதர் வந்து பார்க்கும்வரை துண்டித்தே வை என்றும் சொல்லலாம். ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படி. அளவுக்கு மேல் வரும் வெள்ளத்துக்கு ஒரு வழி வகுத்து வைக்காத ஏரியில் கரைதான் உடையும்.

என்ன எண் போடுவது என்பதில்தான் அனுபவம் தேவை. இறுக்கிப் போட்டால், அண்டை நிறுவனம் நேர்மையாக வளரும்போதே செஷன் அறுந்து வாடிக்கையாளர்கள் அல்லல்படுவார்கள். தளர்த்திப் போட்டால் இருந்தும் பயனில்லை. இதற்கென்றே பியரிங்டிபி என்ற பொதுத் தரவுத்தளத்தில், தன்னோடு பியரிங் செய்பவர்கள் என்ன எண் போடலாம் என்று ஒவ்வொரு வலையமைப்பும் தானே அறிவித்து வைக்கிறது. அதை அவ்வப்போது எடுத்து ரவுட்டரில் தானாகப் புதுப்பிக்கும் நிரல்களும் இருக்கின்றன.

இந்த ஒரு எண் இல்லாததால் விளைந்த சேதங்களின் கணக்கு பெரிது. 1997 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த ஒரு சிறிய நிறுவனத்தின் ரவுட்டர், இணையத்தின் வழிகளைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, அத்தனையும் தன்னிடமே இருப்பதாக ஸ்பிரின்ட் நிறுவனத்திடம் அறிவித்தது. ஸ்பிரின்ட் அதை நம்பி உலகுக்குச் சொன்னது. தவறு செய்த ரவுட்டரின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பொய் வழிகள் உலவிக்கொண்டிருந்தன. அந்த வலையமைப்பின் எண் 7007. வலையமைப்புப் பொறியாளர்கள் நடுவே அந்த எண் இன்றும் ஒரு எச்சரிக்கைச் சொல்லாகவே வழங்குகிறது.

22 ஆண்டுகள் கழித்து, 2019 ஜூன் 24 அன்று, ஏறத்தாழ அதே கதை. பென்சில்வேனியாவில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனம் போக்குவரத்தைச் சீராக்கும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தியது. அந்த மென்பொருள், நிறுவனத்தின் உள்பயன்பாட்டுக்கென்று வழிகளைத் துண்டுகளாக வெட்டி வைத்திருந்தது. அந்தத் துண்டுகள், உலோகத் தொழில் நிறுவனமான ஒரு வாடிக்கையாளர் வழியாக வெரைசனுக்குக் கசிந்தன. வெரைசன் வாங்கி உலகுக்கு விநியோகித்தது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன் உலகப் போக்குவரத்தில் சுமார் 15 சதவீதத்தை இழந்தது. அந்தச் செஷனில் ஒரு வரம்பு எண் இருந்திருந்தால் கசிவு அங்கேயே நின்றிருக்கும் என்று அன்றே கிளவுட்ஃப்ளேர் பகிரங்கமாக எழுதியது. அந்தக் குற்றச்சாட்டு முழுக்க நியாயமானது. உலகின் மிகப் பெரிய வலையமைப்புகளில் ஒன்று, ஒரு உலோகத் தொழில் நிறுவனம் ஆயிரக்கணக்கில் வழிகளைத் தூக்கி நீட்டும்போது கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

இந்தியாவும் விலக்கல்ல. 2015 நவம்பர் 6 அன்று ஏர்டெல் தனக்குச் சொந்தமில்லாத 16,000க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என அறிவித்தது. சீராக ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆனது. 2021 ஏப்ரல் 16 மாலை, வோடஃபோன் ஐடியாவின் வலையமைப்பு 30,000க்கும் மேற்பட்ட தொகுதிகளை அதே போல் அறிவித்தது. உலகின் வெவ்வேறு மூலைகளுக்குப் போக வேண்டிய தரவு இந்தியாவுக்குள் பாய்ந்து, அந்த வலையமைப்புக்குள் வரும் போக்குவரத்து வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் எகிறியது.

வழிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது ஒரு பாதி. அவற்றைச் சுமந்து வரும் செஷனைக் காப்பது மறு பாதி. இரு ரவுட்டர்களுக்கு இடையிலான செஷன் மாதக்கணக்கில் அறாமல் நிற்கும். அது ஒரு நொடி அறுந்தாலும் அதன் வழியாகக் கற்ற அத்தனை வழிகளையும் ரவுட்டர் அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அந்த அழிப்புச் செய்தி அண்டைகளுக்கும் பரவும். 2004இல், வெளியிலிருந்து ஒரு போலிச் செய்தியை அனுப்பி இந்தச் செஷன்களை அறுப்பது அதுவரை நினைத்ததைவிட எளிது என்று தெரியவந்தது. தகவல் பொதுவெளிக்கு வருமுன்னே உலகின் பெரிய நிறுவனங்கள் ஒருவரோடொருவர் பேசி, அவசர அவசரமாகச் செஷன்களுக்குக் கடவுச்சொல் போட்டன.

கடவுச்சொல்லோடு சேர்ந்து இன்னொரு எளிய காப்பு உண்டு. அதன் நுட்பம் அழகானது. இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மீதும் ஆயுள் எண் ஒன்று இருக்கும். அதிகபட்சம் 255. வழியில் ஒரு ரவுட்டரைத் தாண்டும்போதெல்லாம் அந்த எண்ணில் ஒன்று குறையும். நேரடி அண்டை அனுப்பும் பொட்டலம் எந்த ரவுட்டரையும் தாண்டி வருவதில்லை. எனவே 255 குறையாமல் வரும். 255 இல்லாதவற்றைத் தள்ளிவிடு என்று சொல்லிவிட்டால் போதும். ஆயிரம் மைல் தொலைவில் இருப்பவர் என்ன தகிடுதத்தம் செய்தாலும் அந்த எண்ணோடு வந்து சேரவே முடியாது.

செஷன் அறுவதற்குத் தாக்குதல்தான் வேண்டும் என்பதில்லை. 2009 பிப்ரவரி 16 அன்று செக் நாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று, தன் வழி சற்று நீளமாகத் தெரியட்டும் என்று தன் வலையமைப்பு எண்ணைத் திரும்பச் சொல்லும்படி ரவுட்டரை அமைத்தது. வேறு வகை ரவுட்டர்களில் அந்த இடத்தில் வலையமைப்பு எண்ணை எழுதுவார்கள். அவர்களுடைய ரவுட்டரிலோ எத்தனை முறை திரும்பச் சொல்ல வேண்டும் என்பதை எழுத வேண்டும். 47868 என்ற தங்கள் எண்ணை எழுதிவிட்டார்கள். ரவுட்டர் அதை 256ஆல் வகுத்து வந்த மீதியான 252ஐ எடுத்துக்கொண்டு, அந்த எண்ணை 252 முறை திரும்பச் சொன்னது. அவ்வளவு நீளமான வழியைப் படிக்கத் தெரியாத பழைய மென்பொருள் கொண்ட ரவுட்டர்கள் உலகெங்கும் செஷன்களை அறுத்தன, சேர்த்தன, மறுபடி அறுத்தன.

2020 ஆகஸ்ட் 30 அன்று நடந்தது இன்னும் மோசம். சென்சுரிலிங்க் நிறுவனம் வேண்டாத போக்குவரத்தைத் தடுக்க விதி ஒன்றைத் தன் வலையமைப்பு முழுக்கப் பி.ஜி.பி. வழியாகவே அனுப்பியது. அந்த விதி பி.ஜி.பி.யையே தடுத்துவிட்டது. செஷன் அறும்; விதி மறையும்; செஷன் மீளும்; விதி மறுபடி வரும்; மறுபடி அறும். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் உலகின் பல தளங்கள் தத்தளித்தன.

இனி ரோஜர்ஸுக்குத் திரும்பலாம். கனடாவின் ஒழுங்குமுறை ஆணையம் சோனா பார்ட்னர்ஸ் என்ற நிறுவனத்தை வைத்து ஆய்வு செய்து, அதன் சுருக்கத்தை 2024 ஜூலையில் வெளியிட்டது. அதைப் படிக்கும் எந்தப் பொறியாளருக்கும் வயிற்றைக் கலக்கும். வழி வெள்ளத்தைத் தடுக்கும் வரம்பு எதையும் மைய ரவுட்டர்களில் ரோஜர்ஸ் வைத்திருக்கவில்லை. மேம்பாட்டுப் பணி முதலில் ‘அதிக ஆபத்து’ என்றுதான் வகைப்படுத்தப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால், ஆறாவது கட்டம் ‘குறைந்த ஆபத்து’ என்று இறக்கப்பட்டது. ரவுட்டர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பும் அதே மையத்தைச் சார்ந்திருந்தது. எனவே மையம் விழுந்ததும் அதைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கே கதவு அடைபட்டது. ஊழியர்களின் கைபேசிகளும் ரோஜர்ஸ் சிம்கள்தான். ஒருவரோடொருவர் பேசவே வேறு நிறுவனத்தின் சிம் தேவைப்பட்டது. ஆட்கள் நேரில் போய்த்தான் ரவுட்டர்களைத் தொட முடிந்தது. காரணம் எதுவென்று கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் பிடித்தது.

அண்டை வீட்டிலிருந்து வரும் வெள்ளத்துக்கு அணை போடுபவர்களும் சொந்த வீட்டுக்குள்ளிருந்து வெள்ளம் வரும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ரோஜர்ஸ் நமக்குக் காட்டுவது அதைத்தான். பியரிங் செஷன்களில் போடும் வரம்பை உள்வலையமைப்பின் ரவுட்டர்களுக்கு நடுவிலும் போட வேண்டும். வெளியே சொல்லும் வழிகளுக்கும் வரம்பு போடும் வசதி சில ரவுட்டர் மென்பொருள்களில் வந்துவிட்டது. அதைப் போட்டால் கசிவு தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடும். கைபேசி மையத்தையும் வீட்டு இணைய மையத்தையும் பிரிப்பதாக ரோஜர்ஸ் பின்னர் அறிவித்தது. அந்தப் பணிக்கு மட்டும் குறைந்தது 25 கோடி கனடிய டாலர் ஆகும் என்றது. வரம்பு எண்ணை எழுதுவதற்கு ஆகும் செலவு ஒரு பொறியாளரின் அரை மணி நேரம்.

யாருக்கு எந்த முகவரி சொந்தம் என்பதைக் கையொப்பமிட்டு உறுதிசெய்யும் ஆர்.பி.கே.ஐ. முறையும் வளர்ந்து வருகிறது. 2024இல் பட்டியலின் பாதிக்கும் மேற்பட்ட வழிகள் அதன் பாதுகாப்புக்குள் வந்தன. அதையும் கவனமாகக் கையாள வேண்டும். அதே ஆண்டு ஜனவரி 3 அன்று, ஒருவர் ஆரஞ்சு ஸ்பெயின் நிறுவனத்தின் பதிவேட்டுக் கணக்கினுள் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் மூலம் புகுந்து, அந்தக் கையொப்பங்களை மாற்றிவிட்டார். உண்மையான வழிகளையே உலகம் பொய் என்று தள்ளியது. பல மணி நேரம் ஸ்பெயினில் இணையம் தள்ளாடியது.

வரம்பு எண்ணிலும் ஒரு கவலை உண்டு. முழுப்பட்டியலையும் அனுப்பும் மேல்நிலை நிறுவனத்தின் செஷனில், “10 லட்சத்தை எங்கே எட்டப் போகிறது” என்று எண்ணி அந்த எண்ணையே வரம்பாக எழுதி வைத்த வலையமைப்புகள் இருக்கின்றன. எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். எண் மட்டும் அங்கேயே இருக்கும். அங்கே வரும் பட்டியல் அதைத் தாண்டியதும் காப்பாற்ற வைத்த வரம்பே அந்த வலையமைப்பை இணையத்திலிருந்து அறுத்துவிடும். ஒவ்வொரு ரவுட்டரிலும் அந்த வரியைத் தேடிப் பார்த்துத் திருத்தும் வேலையை இனியும் தள்ளிப் போட முடியாது.

அரசுகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கனடாவில் ஆணையம் கேள்வி கேட்டு அறிக்கையை வெளியிட்டதால்தான் ரோஜர்ஸில் என்ன நடந்தது என்பது உலகப் பொறியாளர்களுக்குத் தெரிந்தது. 2015இலும் 2021இலும் இந்திய வலையமைப்புகளில் நடந்தவை பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் பதிந்து வைத்தது. பெரிய முடக்கம் எதுவானாலும், எந்தச் செஷனில் எந்த வரம்பு இருந்தது, எது இல்லை, மீட்க எத்தனை மணி நேரம் ஆனது, ஏன் ஆனது என்று சொல்லும் அறிக்கையைச் சில மாதங்களுக்குள் மக்கள் முன் வைக்கும்படி இங்குள்ள ஒழுங்குமுறை அமைப்புகள் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும்.